காற்று வரும் பக்கம்

அந்த வீட்டை நான் எட்டு முறை போய்ப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்து போனது மூன்றே முறை. மற்ற ஐந்து முறையும் படிக்கட்டிலும் எதிரே இருந்த அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வாரத்திலும் ஒளிந்து நின்றுதான் பார்த்தேன். ஒளிந்து நின்றேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வீடு வாங்குவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தை விசாரிக்கிறேன், அதில் என்ன தவறு என்று கேட்டிருப்பேன்.

இந்தப் பயம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கல்யாணமான புதிதில் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பார்க்கப் போன அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பெரிய புல்வெளி. மாலையில் அங்கே யாராவது பட்டம் விடுவார்கள். அந்த இடம் எத்தனை நாள் புல்வெளியாக இருக்கும் என்று நானும் கேட்கவில்லை, என் கணவரும் கேட்கவில்லை. மகள் நடக்கத் தொடங்கிய வருடம் புல்வெளியைச் சுற்றித் தகரத் தடுப்பு எழுந்தது. பிறகு காலையிலிருந்து மாலைவரை தூண்களை நிலத்துக்குள் அடித்து இறக்கும் சத்தம். எத்தனை முறை துடைத்தாலும் மேசைமேல் விரலால் எழுதலாம் போல ஒரு சாம்பல் படலம் படிந்திருக்கும். நான் சலித்துக்கொண்டே துடைத்தேனே தவிர, அதே தூசியை நாங்களும் மூச்சில் இழுக்கிறோம் என்று நினைக்கவில்லை.

மகளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு நாள் பாலர் பள்ளியிலிருந்து வந்தவள், காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. "உம்மா, காத்து வரமாட்டேங்குது" என்றாள். ஆம்புலன்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்த பிறகு, என்னைவிட இளைய பெண் மருத்துவர் ஒருவர் வந்து, உங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். கட்டுமான வேலை நடக்கிறதா, பெரிய சாலை இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. ஐந்து வருடம் குடியிருந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது அன்று உறைத்தது.

அதற்கு அடுத்த மாதமே ஈசூனில் இருந்த மாமா மாமி வீட்டுக்கு, கணவரின் பெற்றோரிடமே, குடிபோனோம். மகளுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது. ஆனால் அது மூவறை வீடு, கூடம் போகப் படுக்கையறை இரண்டுதான். அவள் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தாள். ஒன்பது வயதானபோது வீட்டுப்பாடம் செய்ய ஒரு மேசை வேண்டும், மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். சொந்த வீடு பார்க்கத் தொடங்கினோம்.

என் வேலையும் என் பயத்துக்குத் தீனி போட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வீடு தொடர்பான இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பது என் வேலை. கூரை ஒழுகியது, மேல்வீட்டுக் குழாய் வெடித்தது, கீழ்த்தளத்தில் நிறுத்திய சைக்கிளின் மின்கலம் தீப்பிடித்தது என்று நாள் முழுவதும் அடுத்தவர் வீட்டுக்கு வந்த கேடுகளைப் படிப்பேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும், நாங்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை என்று ஒரு வரி இருக்கும். எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

என் கணவர் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் குழுவில் மேற்பார்வையாளர். நிதானமான மனிதர். ஒரு புளோக்கின் மின்தூக்கி நன்றாக இருந்தால் வீடும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. நான் அப்படி விடவில்லை. ஒரு வீட்டின் பின்னால் விரைவுச்சாலை ஓடியது, வேண்டாம் என்றேன். இன்னொரு வீட்டில் குளியலறைக் கூரைக்கு மட்டும் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். எதை மறைக்கிறார்கள் என்று கேட்டேன், வீட்டு முகவருக்குப் பதில் தெரியவில்லை, அதுவும் போயிற்று. ஒரு வீட்டுக்குப் போகும் வழியில் டெங்கிப் பரவல் என்று சிவப்புப் பதாகை தொங்கியது. மின்தூக்கியில் ஏறாமலே திரும்பிவிட்டோம். எட்டு மாதத்தில் பதினொரு வீடு. மாமி ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே, "நீ வீடு பாக்குறியா, வீட்டுக்கு நோய் பாக்குறியா?" என்று கேட்டார். கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாவதுதான் அந்த வீடு. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்புறம், ஐந்தாம் மாடி. என் அலுவலகத்துக்கு எம்ஆர்டி ரயிலில் மூன்றே நிறுத்தம். கணவர் தொழப் போகும் பள்ளிவாசல் நடக்கும் தூரம். கீழே இறங்கினால் கறிவேப்பிலையிலிருந்து மகளின் பள்ளிச் சீருடைவரை எல்லாம் கிடைக்கும். கூடம் நீளமாக, வெளிச்சமாக இருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே கோட்டு போட்ட கணவரோடு அவருடைய கல்யாணப் படம். கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது, தங்கை வீட்டோடு போய் இருக்கப் போகிறேன், அங்கிருந்து தேவாலயமும் பக்கம் என்று சொன்னார். நாங்கள் பார்த்த வீடுகளிலேயே சுத்தமான வீடு அதுதான். எலுமிச்சை வாசனை அடித்தது. சமையலறை ஜன்னல் மட்டும் மூடியிருந்தது. அதை நான் கவனித்தேன். வெயில் நாளாயிற்றே, ஏன் மூடியிருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் முகவர் எங்களைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

எங்கள் முகவர் என் வயதுப் பெண். கீழே இறங்கும்போது குரலைத் தாழ்த்தி, "சண்டே மட்டும் கொஞ்சம் கிரௌடு இருக்கும் லா. அது ஓகேதானே?" என்றார். ஊரிலிருந்து வேலைக்கு வந்த தமிழர்களும் வங்காளிகளும் கூடும் நாளைத்தான் சொன்னார். என் வாப்பாவும் ஒரு காலத்தில் அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் இதே தெருக்களில் நின்றவர். அதை முகவரிடம் சொல்லவில்லை, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன்.

அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்தப் புளோக்கில் இந்தியர் விகிதம் நிறைந்துவிட்டதால் அந்த அம்மா வீட்டை இந்தியக் குடும்பத்துக்குத்தான் விற்க முடியும். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மறு வாரமே ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திட்டோம். சிறு முன்பணம் கொடுத்தால் மூன்று வாரம் அவகாசம். அதற்குள் உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். என் கணவர் அந்த மூன்று வாரத்தில் மரச்சாமான் கடைகளைச் சுற்றலாம் என்றார். நான் அந்தப் புளோக்கைச் சுற்றத் தொடங்கினேன்.

முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில். காய்கறி இறக்கும் லாரிகள் பின்னோக்கி வரும்போது எழுப்பும் பீப் சத்தம் ஐந்தாம் மாடிவரை கேட்கிறதா என்று படிக்கட்டில் நின்று கேட்டேன். கேட்டது, ஆனால் தாங்கலாம். அடுத்து, அலுவலகத்தில் இருக்கும்போதே வானம் கறுத்துவர, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு ஓடினேன். தாழ்வான பக்கம் அது, வெள்ளம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். சாக்கடை வாயருகே கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்தது. கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அரைமணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது. என் சேலை நுனி நனைந்துவிட்டது. ஒருவர் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை மாலை கீழ்த்தளத்து இருக்கையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஆண்கள் காணொளி அழைப்பில் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை திரையில் பல் விழுந்த இடத்தைக் காட்டியது. அதற்கு மேல் அங்கே எந்தத் தொல்லையும் இல்லை.

வீட்டில் இருந்த நேரமெல்லாம் கைப்பேசியில் வரைபடங்களைப் பார்த்தேன். எங்கே டெங்கி, எதிரே காலியாக இருக்கும் இடத்தில் பின்னால் என்ன கட்டலாம், எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். பார்க்கப் பார்க்கப் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதிலிருந்து இரண்டு கேள்விகள் முளைத்தன.

நான்காவது முறை, மாலை ஆறு மணிக்கு, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் நின்றபோது சிகரெட் வாடை வந்தது. எந்த வீட்டிலிருந்து என்று தெரியவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். இந்த முறை எதிர்ப்புளோக்கில் ஏறி, அங்கிருந்து இந்தப் புளோக்கின் சமையலறை ஜன்னல்களைப் படமெடுத்தேன். பிறகு இந்தப் பக்கம் வந்து, எந்த ஜன்னல் எந்தக் கதவுக்கு உரியது என்று பொருத்திப் பார்க்க நான்காம் மாடிக் கதவுகளையும் படமெடுத்தேன். புகை வந்த ஜன்னல் சரியாக அந்த அம்மாவின் வீட்டுக்குக் கீழ்வீட்டுடையது. அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது போல இருந்தது. வேகமாக இறங்கிவிட்டேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் இருக்கும்போது முகவர் அழைத்தார். ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பாருங்கள் என்றார். பார்த்தேன். தலையில் முக்காடு, முகத்தில் முகக்கவசம், கையில் மடித்த குடை, ஒரு கதவை நோக்கிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் பெண். புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். வாசலில் வைக்கும் பார்சல்கள் காணாமல் போகின்றன, இந்தப் பெண்ணைச் சில நாளாகப் படிக்கட்டில் பார்க்கிறோம், எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில் கீழே எழுதியிருந்தது. இன்னொரு முறை வந்தால் போலீசுக்குச் சொல்லலாம் என்று ஒருவர் பதில் போட்டிருந்தார்.

"அது நீங்களா?" என்று முகவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆன்ட்டிதான் எனக்கு அனுப்புனாங்க. நீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. தனியா இருக்காங்களா, ரொம்ப பயந்துட்டாங்க. கதவுக்கு இன்னொரு பூட்டு போடணும், ஆள் தெரியுமான்னு கேக்குறாங்க" என்றார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். திருடி என்று நினைத்துவிட்டார்களே என்பது முதலில் வந்த அவமானம். அது கொஞ்சம் அடங்கியதும் வேறொன்று வந்தது. என் பயத்தைத் தீர்த்துக்கொள்ளப் போய், தனியாக இருக்கும் ஒரு பெண்ணை நான் பயப்பட வைத்திருக்கிறேன். பூட்டு வாங்க யோசிக்கிற அளவுக்கு.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, போனில் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு போய் மணியை அடித்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சாமான் போட அளவெடுக்க வந்தீங்களா என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்று, அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று சொன்னேன். எதற்காக வந்தேன், எத்தனை முறை வந்தேன், மகளுக்கு என்ன தொல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. உள்ளே வரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே ம்மா" என்றார்.

"விக்கிறவங்க உள்ளதைச் சொல்வாங்களான்னு நினைச்சேன் ஆன்ட்டி."

அவர் அதற்குக் கோபப்படவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் ஜன்னல் கொக்கியைத் திருகினார். அது இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ளிய பிறகுதான் திறந்தது.

"கீழ்வீட்டு அங்கிள் சிகரெட் பிடிப்பார். புகை இந்த வழியாத்தான் வரும். என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு, கடைசி ரெண்டு வருஷம் ஆக்சிஜன்ல இருந்தாரு. அப்ப மூடினது. அவர் போனப்புறம் திறக்கத் தோணல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீங்க வந்தப்ப திறந்து காட்டியிருக்கணும். வேணும்னுதான் திறக்கல. எட்டு மாசமா யாரும் வரல, அதான்" என்றார்.

நான் ஒளிந்தேன், அவர் ஒளித்தார். இரண்டு பேரும் அந்தச் சின்னச் சமையலறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பிறகு நான் கேட்காமலே அவர் மற்றதையும் சொன்னார். இருபது வருடத்தில் டெங்கிப் பதாகை இரண்டு முறை வந்தது. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகியது, இரு வீட்டாரும் சேர்ந்து சரிசெய்துவிட்டார்கள். எதிரே உள்ள காலி இடத்தில் எப்போது கட்டுவார்கள் என்று அவருக்கும் தெரியாது. ஐந்து முறை ஒளிந்து பார்த்து எனக்குத் தெரியாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

வாங்க, கீழே போய்க் கேட்டுவிடலாம் என்று அவரே என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். கதவைத் திறந்தவர் எழுபது வயதுச் சீனர். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். படமெடுத்துக் குழுவில் போட்டவர் அவர்தான். அந்த அம்மா சந்தையில் பேசும் கொச்சை மலாயில் விஷயத்தைச் சொன்னார். எனக்கும் மலாய் வரும். அவர் வெட்கப்பட்டு, எங்கள் கண்முன்னே கைப்பேசியை எடுத்து, இந்தப் பெண் திருடி அல்ல, வீடு வாங்க வந்தவர் என்று குழுவில் எழுதினார். பிறகு சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன். விடியற்காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு என்றார். கூடத்தில் பேத்தி தவழ்கிறாள், அதனால் மனைவி ஜன்னலோரம் விரட்டிவிடுகிறாள். தாழ்வாரத்தில் பிடித்தால் அபராதம். படுக்கையறை ஜன்னலுக்குப் போகலாம், ஆனால் அப்போது புகை உங்கள் படுக்கையறைக்கு வரும், காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் போகும் என்றார். உன் பிள்ளைக்காகக் குறைக்கப் பார்க்கிறேன், விட்டுவிடுவேன் என்று சொன்னால் அது பொய், இந்த வயதில் பொய் சொல்ல மாட்டேன் என்றார். அந்த மூன்று வாரத்தில் நான் கேட்ட பதில்களிலேயே நம்பக்கூடிய பதில் அதுதான். அதுவே எனக்குப் பெரிய இக்கட்டாகவும் ஆனது.

படி ஏறும்போது அந்த அம்மா ஒரு யோசனை சொன்னார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாலையில் வந்து சமையலறையில் உட்காருங்கள், ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அவகாசம் முடிய ஐந்து நாள் இருந்தது. மறுநாளே மூவரும் போனோம். அவர் எங்களுக்காக ஹலால் கடையில் கறிபஃப் வாங்கிவந்து, தேநீர் போட்டு வைத்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. மகள் கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டே பள்ளியில் நடந்ததைச் சொன்னாள். நான் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. ஆறு மணி தாண்டியதும் புகை வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, வாடை மட்டும்தான். மகள் இரண்டு முறை இருமினாள். மேசையைச் சுற்றி மூன்று பெரியவர்களும் அசையாமல் அவள் தோள்களையே பார்த்தோம்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க? கறிபஃப்ல மிளகு, அதான்" என்றாள்.

ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் கணவரும் நானும் சண்டை போட்டோம். மகள் எதிர் வரிசையில் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் தாழ்ந்த குரலில்தான். இரண்டே தடவை இருமினாள், அதெல்லாம் ஒரு இருமலா என்றார் அவர். அதில் ஒன்று புகையால் வந்தது என்றேன் நான். அது மிளகால் வந்தது என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். இரண்டு நிறுத்தம் கழித்து அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இந்த ஊர்ல எந்த வீட்டுல போய் நீ நிம்மதியா மூச்சு விடுவ, அதைச் சொல்லு" என்றார். இந்த எட்டு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே கடுமையான சொல் அதுதான்.

செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சி வகுப்புக்குப் பிறகு மகள் பள்ளியில் மூச்சுத்திணறலுக்கான பம்ப் மருந்தை இழுத்ததாக ஆசிரியை குறுஞ்செய்தி அனுப்பினார். ஓடியதால் வந்ததா, ஞாயிற்றுக்கிழமைப் புகையின் மிச்சமா, அல்லது வெறும் வெயிலா, யாராலும் சொல்ல முடியாது. இதுதான் என்னை உடைத்தது. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டால் பதில் தானாக வந்து நிற்கும் என்று நம்பியிருந்தேன். எல்லாவற்றையும் விசாரித்தாயிற்று. பதில் வரவில்லை. மிச்சமிருந்தது நானாக முடிவெடுப்பது மட்டும்தான்.

முடிவை நீயே எடு என்று கணவர் சொல்லிவிட்டார். எடுத்த பிறகு அதையே பிடித்துக்கொண்டு நீயும் புலம்பக் கூடாது, நானும் குத்திக்காட்ட மாட்டேன் என்றார். புதன்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், முகவரிடம் விடாமல் அந்த அம்மாவை நானே அழைத்தேன். வேண்டாம் என்று சொன்னேன். அவர் தங்கையிடம் எல்லாம் சொல்லி, பாதிச் சாமான்களைப் பெட்டியில் கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"பிள்ளைக்காகன்னு சொல்றீங்க. நான் என்ன சொல்ல" என்றார். பிறகு, "அந்த ஜன்னலை நான் இப்பல்லாம் மூடுறதில்ல ம்மா" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அந்த வீடு விற்றுவிட்டதாக முகவர் சொன்னார். வாங்கியவர்கள் பிள்ளையில்லாத ஒரு தம்பதி. அதில் கணவர் தாமே சிகரெட் பிடிப்பவராம். கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பெருமூச்சு.

நாங்கள் ஈசூனிலேயே வாங்கினோம், மாமி வீட்டிலிருந்து நான்கு புளோக் தள்ளி. இந்த முறை ஒளிந்து நிற்கவில்லை. முதல் முறை பார்த்துவிட்டு இறங்கும்போதே மேல்வீடு, கீழ்வீடு, இரண்டு பக்கத்து வீடு என்று மணியை அடித்தேன். பக்கத்தில் வீடு பார்க்கிறோம், பெயர் இன்னது, மகளுக்கு மூச்சுத் தொல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் எரிச்சலோடு ஒன்றுமில்லை என்றார். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா மட்டும் என்னை உள்ளே அழைத்துப்போய், குளியலறைக் கூரையில் ஒரு ஈரத்தடத்தைக் காட்டினார். அதைச் சரிசெய்து தந்தால் வாங்குகிறோம் என்றோம். செய்து தந்தார்கள். அந்த வீட்டின் பின்னாலும் ஒரு சாலை ஓடுகிறது. வரைபடத்தில் பக்கத்து இடம் என்ன நிறம், அங்கே ஒரு நாள் கட்டடம் எழலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

குடிவந்த முதல் வருடம் மகளுக்கு இரண்டு முறை மூச்சுத்திணறல் வந்தது. ஒரு முறை, அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் வந்த புகைமூட்டத்தின்போது. அது தீவு முழுவதும் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது. இன்னொரு முறை எதனால் என்று தெரியவில்லை. இரண்டு முறையும் ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் காற்றின் தரத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. கணவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுகிறார்.

போன மாதம் மின்தூக்கியருகே ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். புளோக் முழுவதற்கும் புதுச் சாயம் அடிக்கப் போகிறார்கள், பழைய சாயத்தைச் சுரண்டும் வேலை இரண்டு வாரம் நடக்கும் என்றிருந்தது. படித்ததும் அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்து மகளிடம் சொன்னேன். நான் மேலே வந்து சேர்வதற்குள் மகளே மாமியை அழைத்துப் பேசிவிட்டாள். பள்ளிப்பையையும் பம்ப்பையும் எடுத்துக்கொண்டு, "உம்மா, ரெண்டு வாரம்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் கார்கள் நிற்கும் பேட்டையைக் கடந்து, சாலையைக் கடந்து, மாமி வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குள் நுழையும்வரை நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.